விளிம்பில் கிடந்த முட்டை

நியூசிலாந்து நாட்டிற்குக் கிழக்கே, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், சாத்தம் தீவுகள் என்னும் சிறு தீவுக்கூட்டம் ஒன்று உண்டு. அங்கே கரிய நிறமுள்ள சின்னஞ்சிறு பறவை ஒன்று கூடு கட்டி முட்டையிடுகிறது. கூட்டின் நடுவே, மெத்தென்ற குழியில் இட வேண்டிய முட்டையை அது விளிம்பில் இட்டுவிடுகிறது. அங்கே கிடக்கும் முட்டைக்குத் தாயின் சூடு எட்டாது. அது குஞ்சாகப் போவதில்லை. அந்நேரத்தில் இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு மனிதக் கை வருகிறது. விரல் நுனியால் முட்டையை மெல்ல உள்ளே நகர்த்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடுகிறது.

இக்காட்சியை நான் கண்ணால் கண்டவனல்லன், படித்தறிந்தவன்தான். ஆயினும் சென்ற தவக்காலம் முழுவதும் அந்தக் கை என் மனத்தை விட்டு அகலவேயில்லை. சிலுவைப் பாதையின்போதும், ஒப்புரவு அருட்சாதனத்திற்காக அமர்ந்திருந்த வேளையிலும் அது என் முன்னே நீண்டது. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அப்பறவைகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

நியூசிலாந்தின் நிலம் பிற கண்டங்களிலிருந்து பிரிந்து ஏறக்குறைய எட்டுக் கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பர். மனிதர் அங்கே காலடி வைக்குமுன், தரையில் வாழும் பாலூட்டிகள் என்று சொல்ல வௌவால்களைத் தவிர வேறெவையும் அங்கு இருந்ததில்லை. பூனையில்லை, எலியில்லை, நாயில்லை. பறவைகளுக்குப் பகை எனில் அது வானத்திலிருந்து வந்தது. கழுகும் பருந்தும் வல்லூறும் கண்ணால் கண்டு வேட்டையாடுபவை. அவற்றிடமிருந்து தப்ப ஒரே வழி அசையாமல் நிற்பது. ஆகவே காகாப்போ என்னும் பெருங்கிளி, பறக்கவே இயலாதது, ஆபத்தை உணர்ந்தால் பாசி படர்ந்த கல்லைப்போல் அப்படியே உறைந்து நின்றுவிடும். கழுகின் கண்ணை ஏமாற்ற அது போதுமானதாக இருந்தது.

சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் மவோரி மக்களின் முன்னோர் படகுகளில் வந்தபோது நாயும் ஒருவகை எலியும் உடன் வந்தன. பின்னர் ஐரோப்பியரோடு கப்பல் எலிகளும் பூனைகளும் வந்தன. முயல்கள் பெருகிப் பயிரை அழித்தபோது, அவற்றை ஒழிக்கவென்று 1880-களில் ஸ்டோட் என்னும் கீரியையொத்த சிறு விலங்கைக் கொண்டுவந்து விட்டனர். இவையெல்லாம் மோப்பத்தால் வேட்டையாடுபவை. மோப்பம் பிடித்து வரும் பகைவன்முன் அசையாமல் நிற்பது தப்பிக்கும் வழியன்று, தன்னைத்தானே ஒப்புக்கொடுப்பதாகும். எட்டுக் கோடி ஆண்டுகள் உயிர்காத்த அதே குணம், சில தலைமுறைகளுக்குள் உயிர் பறிக்கும் குணமாயிற்று. அப்பறவைகள் மூடமானவை அல்ல. அவை கற்ற பாடம் வேறு. தேர்வில் வந்த கேள்வி வேறு.

இதைக் கண்டு மனம் வெதும்பியவர் ரிச்சர்டு ஹென்றி என்பவர். 1894-ஆம் ஆண்டு அரசு அவரை ரெசல்யூஷன் தீவின் காவலராக நியமித்தது. அவர் படகில் சென்று காகாப்போக்களையும் கிவிகளையும் நூற்றுக்கணக்கில் பிடித்துவந்து, பகை விலங்கில்லாத அத்தீவில் விட்டார். மழையும் தனிமையுமே அவருக்குத் துணை. ஆண்டுகள் சில கடந்தன. 1900-இல் அத்தீவில் ஒரு ஸ்டோட் காணப்பட்டது. கரையிலிருந்து அது நீந்தியே வந்துவிட்டது! அந்த மனிதரின் பல்லாண்டு உழைப்பு வீணாயிற்று. கடல் என்னும் அரணை நம்பியிருந்த பறவைகளுக்கு வேறு அரண் தெரியாது.

ஆயினும் அவர் காட்டிய வழியே பிற்காலத்தார்க்கு வழியாயிற்று. கரையிலிருந்து மிகத் தொலைவிலுள்ள தீவுகளைத் தெரிந்துகொண்டு, எலியையும் பூனையையும் அடியோடு அகற்றி, எஞ்சிய பறவைகளை அங்கே குடியேற்றினர். 1995-இல் 51 ஆகக் குறைந்திருந்த காகாப்போக்கள் 2022-இல் 250-ஐக் கடந்தன. பெருநிலத்திலும் வேலியிட்ட சரணாலயங்கள் எழுந்தன. வெலிங்டன் நகரில் 1999-இல் 225 ஹெக்டேர் நிலத்தைச் சுற்றி, சுண்டெலியும் நுழையாதபடி 8.6 கிலோமீட்டர் நீள வேலி அமைத்தனர். 2050-க்குள் நாடு முழுவதும் எலி, ஸ்டோட், பொசம் ஆகியவற்றை அகற்றுவது என்ற குறிக்கோளை 2016-இல் அரசே அறிவித்தது. இவையெல்லாம் பெரும் செயல்கள். படைப்பைப் பேணுவது இறைவன் மனிதர்க்கு ஒப்படைத்த பணி என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் எழுதியதை, கடலுக்கு அப்பால் சிலர் சேற்றிலும் மழையிலும் நின்று செய்துகொண்டிருக்கின்றனர் என்றே நான் எண்ணுகிறேன்.

ஆனால் வேலிக்குள் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பகையே அறியாத இடத்தில் பிறந்து வளரும் குஞ்சு, வேலிக்கு வெளியே ஒரு நாள் பறந்தால் என்னாகும்? வேலி பூனையைத் தடுக்கும். பூனை என்றால் என்ன என்பதைப் பறவைக்கு அது கற்பிக்காது. 2023-இல் பெருநிலத்தின் வேலியிட்ட காடொன்றில் விடப்பட்ட காகாப்போக்களுள் சில, அவ்வேலியையும் கடந்து வெளியே போய்விட்டன.

இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் செய்த ஆய்வுகள் வியப்புக்குரியவை. அந்நாட்டில் ராபின் என்னும் சிறு பறவை பெருநிலக் காட்டிலும் வாழ்கிறது. மொட்டுவாரா என்னும் பகையற்ற தீவிலும் வாழ்கிறது. பஞ்சடைத்த ஸ்டோட் ஒன்றைக் கூட்டருகே வைத்துப் பார்த்தனர். பெருநிலத்து ராபின் அதைக் கண்டதும் பதறிக் கூவியது. தீவு ராபினோ அதைப் பொருட்படுத்தவேயில்லை. பின்னர், அந்தப் பொம்மையை ஒரு ராபினைத் தாக்குவது போல் காட்டி, ராபின்களின் அபயக் குரலையும் ஒலிக்கச் செய்தனர். ஒரே ஒரு பாடம்! அடுத்த முறை பொம்மையைக் கண்டபோது தீவு ராபினும் பதறியது. 1995-இல் வெளியான ஆய்வு இது.

மணிப்பறவை என்று நாம் தமிழில் சொல்லத்தக்க இன்னொரு பறவை உண்டு. அதன் குரல் மணியோசை போன்றது. பகை விலங்கு மிகுந்த இடங்களில் அது முட்டைமேல் நெடுநேரம் அமர்ந்திருக்கிறது; கூட்டிற்கு வந்துபோவதைக் குறைத்துக்கொள்கிறது. அடிக்கடி வந்துபோனால் கூடு இருக்குமிடம் பகைக்குத் தெரிந்துவிடும் அல்லவா? பகையே என்றும் இல்லாத தீவில் அது கவலையின்றி வந்து போகிறது. பகையை மனிதர் அகற்றிய இடத்திலோ, அதன் எச்சரிக்கையும் தளர்கிறது. 2008-இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு இரண்டு செய்திகளைச் சொல்லியது. சில நூறு ஆண்டுகளுக்குள் ஒரு பறவை புதிய பகைக்கு ஏற்பத் தன் வாழ்வை மாற்றிக்கொள்ள முடியும். பாதுகாப்பு மிகுமிடத்தில் அந்த மாற்றம் நழுவிப்போகவும் முடியும்.

இனி அந்த விளிம்பு முட்டைக்கு வருகிறேன்.

சாத்தம் தீவுகளின் கரிய ராபின், பூனையாலும் எலியாலும் அழிந்து, செங்குத்தான ஒரே ஒரு பாறைத்தீவில் ஒதுங்கியது. 1976-இல் எஞ்சியவை ஏழு. அவற்றை அருகிலுள்ள மாங்கெரே தீவிற்கு மாற்றினர். அங்கே அவற்றுக்காகவே 1,20,000 மரக்கன்றுகள் நடப்பட்டன. ஆயினும் 1980-இல் ஐந்தாகக் குறைந்துவிட்டன. அவற்றுள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வல்லமையுள்ள பெண் பறவை ஒன்றே ஒன்று. காலில் கட்டிய வளையத்தின் நிறத்தால் அதற்கு 'ஓல்ட் புளூ' என்று பெயர். டான் மெர்ட்டன் என்பவரும் உடனிருந்தோரும் அதன் முட்டைகளை எடுத்து, வேறோர் இனமான டிட் பறவையின் கூட்டில் அடைகாக்க வைத்தனர். முட்டையை இழந்த ஓல்ட் புளூ மீண்டும் இட்டது. இவ்வாறு குஞ்சுகள் பெருகின. ஆனால் மாற்றாந்தாயிடமே தங்கிவிட்ட குஞ்சுகள் தம் இனத்தை மறந்து, டிட் பறவைகளோடு இணை சேர முயன்றன. ஆகவே உரிய பருவத்தில் அவற்றைத் தம் இனத்தாரிடமே திருப்பிச் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்று உயிரோடிருக்கும் கரிய ராபின்கள் யாவும் அந்த ஒரே தாயின் வழிவந்தவை.

1984-இல் சில பெண் பறவைகள் முட்டையைக் கூட்டின் விளிம்பில் இடுவதைக் கண்டனர். ஒவ்வொரு முட்டையும் ஓர் இனத்தின் உயிர்மூச்சாக இருந்த காலம் அது. காவலர்கள் விரல் நுனியால் அவற்றை உள்ளே தள்ளினர். வேறென்ன செய்வார்கள்? அந்தக் குஞ்சுகள் பிறந்தன, வளர்ந்தன, தம் தாயைப்போலவே விளிம்பில் முட்டையிட்டன. அது மரபுவழி வரும் குணம். ஐந்தே ஆண்டுகளில், 1989-இல், பாதிக்கு மேற்பட்ட பெண் பறவைகள் விளிம்பில் முட்டையிடுபவையாயின. இப்படியே சென்றிருந்தால், மனிதக் கை இல்லாமல் வாழவே இயலாத பறவையினம் ஒன்று உருவாகியிருக்கும்.

அதன்பின் கையை எடுத்துக்கொண்டனர். எண்ணிக்கை நூறை எட்டியிருந்தது. இனி முட்டைகளைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தனர். விளிம்பில் கிடந்தவை பொரியவில்லை. அக்குணம் தானே குறையத் தொடங்கியது. 2011-இல் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பதாகக் குறைந்திருந்தது. 2013-இல் வெளியான இந்த ஆய்வின் ஆசிரியர்களுள் டான் மெர்ட்டனும் ஒருவர். தாமும் தம் தோழரும் செய்த நன்மையின் நிழலைத் தாமே ஆய்ந்து எழுத முன்வந்த அந்த நேர்மைக்கு என் வணக்கம். நூல் வெளிவருமுன்னே, 2011-இல், அவர் இறந்துவிட்டார்.

இக்கதையைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. காரணம் ஓர் இளைஞன்.

என் முந்தைய பங்கில் பீடச்சிறுவனாக இருந்தவன். தந்தையை இளவயதில் இழந்தவன். தாய் கூலி வேலை செய்து வளர்த்தார். பள்ளியில் அவன் தேர்வில் தவறியபோது தலைமையாசிரியரிடம் நான் பேசினேன். திருவிழா இரவில் சண்டையிட்டபோது காவல் நிலையத்திற்கு நான் சென்றேன். கல்லூரிக் கட்டணத்தை அவன் வேறு வழியில் செலவழித்தபோது நான் கட்டினேன். வேலைக்கு விண்ணப்பம் எழுதியதும் நான், பரிந்துரை வாங்கியதும் நான். ஒவ்வொரு முறையும் அவன் தாய் கைகூப்பி, "சாமி, நீங்க இல்லேன்னா எங்களுக்கு யாரு?" என்பார். அச்சொல் எனக்கு இனித்தது. இதை இங்கே ஒப்புக்கொள்வதுதான் கடினம். அவனுக்காகச் செய்தேன் என்று எண்ணியவற்றுள் ஒரு பங்கு, அந்தச் சொல்லுக்காகவும் செய்ததே.

அவன் பெருநகர் சென்றான். வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாக ஒருவன் இனிக்கப் பேசினான். தாயின் தோடும் தாலிக்கொடியும் அடகுக் கடைக்குப் போயின. ஒன்றரை இலட்சம் ரூபாயுடன் அந்த மனிதன் மறைந்தான். ஓர் இரவு பதினொரு மணிக்குப் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டிய அவன், நெடுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டுச் சொன்னான்: "சாமி, எது செஞ்சாலும் நீங்க பார்த்துக்குவீங்கன்னுதான் வளர்ந்தேன். யாரை நம்பக் கூடாதுன்னு எனக்கு யாருமே சொல்லித் தரலையே!"

அது குற்றச்சாட்டன்று, வியப்போடு சொன்ன சொல். அதனால்தான் அது ஆழமாகத் தைத்தது. மோப்பம் பிடித்து வந்த விலங்கின் முன்னே, அந்தத் தீவுப் பறவையைப்போல் அவன் அசையாமல் நின்றிருக்கிறான். அவனைச் சுற்றி வேலியிட்டவன் நான்.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், மனிதனின் வீழ்ச்சியைப் பற்றிப் புனித இரேனியு கூறியதை எங்கள் பேராசிரியர் விளக்குவார். கடவுள் மனிதனை முதிர்ந்து முற்றியவனாகப் படைக்கவில்லை, குழந்தையாகப் படைத்தார், வளர்ந்து நிறைவு பெறுவதற்காகவே படைத்தார் என்பது அப்புனிதரின் கருத்து. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் எனக்கு விளங்கியது. வளர வேண்டியவனை வளரவிடாமல் காப்பது, காப்பதாகாது. அருள் என்பது இயல்பை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்வதன்று. அதை நிறைவு செய்வது என்றும் படித்தோம். நானோ அந்த இளைஞனின் இயல்பு வளர வேண்டிய இடத்தில் நானே அமர்ந்துகொண்டேன்.

மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்து வாசித்தேன். தந்தைக்குத் தெரியாமல் ஒரு சிட்டுக்குருவியும் விழுவதில்லை என்று ஆண்டவர் ஆறுதல் சொல்வது அந்த அதிகாரத்தில்தான். ஓநாய்களிடையே ஆடுகளை அனுப்புவதைப்போல் சீடர்களை அனுப்புகிறேன் என்று அவர் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான். முதலாவதை எத்தனையோ அடக்கத் திருப்பலிகளில் நான் எடுத்துரைத்திருக்கிறேன். இரண்டாவதை இளைஞர்க்கு நான் சொன்னதேயில்லை. அனுப்பும்போது, புறாவின் கபடின்மையோடு பாம்பின் விவேகமும் வேண்டும் என்று அவர் கற்பித்தே அனுப்புகிறார். இறுதி இராவுணவின்போது செய்த மன்றாட்டிலும், சீடரை உலகிலிருந்து எடுத்துவிடும்படி அவர் தந்தையிடம் கேட்கவில்லை. தீயோனிடமிருந்து காக்கும்படியே கேட்டார். வேலிக்குள் அடைப்பதற்கும் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல முடியும்?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வலியது வாழட்டும், நொய்ந்தது மாளட்டும் என்று கைகட்டி நிற்பதே இக்கதையின் படிப்பினை என்று எவரும் கொள்ள வேண்டாம். அது நற்செய்தியன்று. அன்று கை நீட்டாமலிருந்தால் கரிய ராபின் என்னும் பறவையே இன்று இல்லை. அந்தக் கை இரக்கத்தின் கை. அது நீண்டதில் தவறில்லை. எப்போது நிறுத்துவது என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் உண்டு. கை எடுக்கப்பட்டபின் அக்குணம் மறைந்தது, பொரியாமல் போன முட்டைகளின் விலையில்தான். பல தலைமுறைகளாக, சாவின் வழியாக நிகழும் மாற்றம் அது. மக்களை மேய்க்கும் நமக்கு அந்த வழி ஆகாது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒருவரையும் அப்படி விளிம்பில் விட்டுவிட நமக்கு உரிமையில்லை. நமக்கு ஏற்ற வழி, மொட்டுவாராவின் ராபின் காட்டிய வழி. அது சாகாமலே கற்றது. உயிரற்ற பொம்மையைக் கண்டு, தன் இனத்தாரின் அபயக் குரலைக் கேட்டு, ஒரே நாளில் கற்றது. கற்பிக்க ஒருவர் முன்வந்தார், அவ்வளவுதான்.

அன்றிரவு அந்த இளைஞனிடம் பணம் தருவதாக நான் சொல்லவில்லை. சொல்ல நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். மறுநாள் காலை அவன் வைத்திருந்த தாள்களையெல்லாம் மேசைமேல் பரப்பினோம். முத்திரை எங்கே பொய், முகவரி எங்கே பொய், எந்தச் சொல்லைக் கேட்டபோதே அவன் எழுந்து வந்திருக்க வேண்டும் என்று வரிவரியாகப் பார்த்தோம். அவனைப்போல் ஏமாந்த வேறிருவரை வரவழைத்துப் பேசவைத்தேன். காவல் நிலையத்திற்குப் புகார் எழுதியது அவன். உள்ளே சென்று கொடுத்ததும் அவன். நான் வாயிலில் நின்றேன். அந்த அரைமணி நேரம் என் குருத்துவ வாழ்வின் மிக நீண்ட அரைமணி நேரங்களுள் ஒன்று.

பணம் திரும்பவில்லை. அவன் இப்போது ஒரு கடையில் வேலை செய்து, மாதந்தோறும் அடகுக் கடையில் வட்டி கட்டுகிறான். என்னைக் காண வருவதில்லை. அவன் தாயை ஒரு திருமணத் திருப்பலியில் கண்டேன். "நல்லா இருக்கான் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகிச் சென்றார். கைகூப்பவில்லை. நான் கையை எடுத்த வேளை சரியான வேளைதானா, பிந்திவிட்டேனா, அன்றி அப்போதும் இன்னும் ஒருமுறை தாங்கியிருக்க வேண்டுமா? எனக்குத் தெரியாது. சாத்தம் தீவின் காவலர்களுக்குக்கூட விடை தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போதே பங்கு இல்ல வாயிலில் ஒரு தாய் தன் மகனுடன் வந்து நிற்கிறார். பள்ளியில் ஏதோ சிக்கல். தலைமையாசிரியரிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். பையன் நிலைக்கதவின் ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பேனாவை மூடிவைக்கிறேன். போவேனா மாட்டேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் அந்தப் பையனை உட்காரச் சொல்லி, நடந்ததை அவன் வாயாலேயே கேட்கப் போகிறேன்.